வெறுமையாக விட்ட பக்கம்

உக்குவளை,
வியாழக்கிழமை, அஸர் தொழுத கையோடு.

அன்பின் கணவர் அன்ஸார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. முதல் வரியிலேயே பொய் எழுத வேண்டாமென்று நிறுத்திவிட்டேன். நான் நலமாக இல்லை. ஆனால் தெம்பாக இருக்கிறேன். உங்கள் நலத்தை அறிய ஆவல் என்பது மட்டும் உண்மை.

நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட வொய்ஸை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். "அந்தக் கொப்பிய எரிச்சிட்டு உம்மாட்ட மாப்புக் கேளு. அதுவரைக்கும் எனக்குக் கோல் எடுக்க வேணாம்." உங்கள் தங்கச்சி றிப்னா மதினி அதைத் திரும்பவும் ஒரு தரம் போட்டுக் காட்டினார். எனக்குக் காது கேட்காதென்று நினைத்தாரோ என்னவோ. நீங்கள் சொன்னபடியே நான் போனில் கோல் எடுக்கவில்லை. கடிதம் எழுத வேண்டாமென்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஒழுங்கையில் இருக்கும் றினோஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் வொய்ஸ் போட்டால் உங்கள் அறையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். இதை நீங்கள் மட்டும் வாசிக்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உங்களைக் காக்க வைக்க வேண்டாம். கொப்பியை எரிக்க மாட்டேன். அதை எழுதியதற்காக யாரிடமும் மன்னிப்பும் கேட்க மாட்டேன். மதினி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கொடுத்துவிட்டீர்கள். இனி என் பக்கத்தையும் கேளுங்கள்.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின கிழமை எனக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு என்று எழுதிவிட்டேன், நமக்கு என்றுதான் எழுத வேண்டும். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அதில் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது, தைத்து வைத்திருந்த சின்ன உடுப்புகள், தொட்டில் சேலை ஒன்றும் அலுமாரியில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். "அல்லாஹ்ட நாட்டம். இனி அதப் பத்திக் கதைக்க வேணாம்." அன்றைக்கு அடைத்த வாயை நீங்கள் இன்று வரை திறக்கவில்லை.

எனக்கு நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் போனபோது கிளினிக்கில் என்னை மனநல ஆலோசனை சொல்லும் ஜெயந்தினி மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர் மருந்து எழுதவில்லை. மனதில் இருப்பதை ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள் என்றார். எப்படி எழுதுவது என்று கேட்டேன். அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க ஏலாது என்றார். எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்தான் வந்தது. ஒரு கை வைத்தியமாவது சொல்லித் தருவார் என்று பார்த்தால் தையல்காரி மாதிரிப் பேசுகிறாரே என்று நினைத்தேன்.

உக்குவளைச் சந்தியில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். காலையில் எழும்பினேன், சுபஹு தொழுதேன், ரொட்டி சுட்டேன் என்று எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் கட்டுரை மாதிரி இருந்தது. நான் ரொட்டி சுட்டது எனக்குத் தெரியாதா? அந்தக் கொப்பியை அப்படியே விட்டேன்.

பிறகு யூடியூபில் ஒரு பெண், நன்றி சொல்ல மூன்று விடயங்களை நாளும் எழுதுங்கள், வாழ்க்கை மாறிவிடும் என்றார். எழுதினேன். கண் தெரிகிறது, கால் நடக்கிறது, கூரை ஒழுகவில்லை. அடுத்த நாளும் அதே கண், அதே கால், அதே கூரை. அதற்கடுத்த நாள் மழையில் கூரையும் ஒழுகியது. அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்யத் தொழுகை இருக்கிறது. அவன் தந்ததற்கு அங்கே நன்றி சொல்கிறேன், மனமாரச் சொல்கிறேன். நெஞ்சு எரிகிற நேரத்தில் கொப்பியிலும் சிரித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

போனில் எழுதிப் பார்த்தேன். என் போன் எங்கள் வீட்டுக் குசினிக் கதவு மாதிரி, யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். திரும்பவும் கொப்பிக்கு வந்தேன். யாராவது வாசித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ‘ஒருவர்’, ‘அந்த விடயம்’, ‘அன்றைய சம்பவம்’ என்று எழுதினேன். கொஞ்ச நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த ஒருவர் யார் என்று எனக்கே விளங்கவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் எங்கள் உம்மாவின் எழுத்து நினைவுக்கு வந்தது. எங்கள் உம்மா பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. ஓதிப் படித்த அரபு எழுத்து மட்டும்தான் தெரியும். அந்த எழுத்திலேயே தமிழை எழுதுவார். நான் ஹொஸ்டலில் இருந்தபோது எனக்கு வந்த கடிதமெல்லாம் அப்படித்தான். தலைக்கு எண்ணெய் வை, இரும்பல் என்றால் மல்லித் தண்ணி குடி, எல்லாம் தமிழ், எழுத்து மட்டும் அரபு. அரபுத் தமிழ் என்பார்கள். இப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வலமிருந்து இடமாக, தமிழுக்கென்று அங்கங்கே கூடுதல் புள்ளி வைத்து மெதுவாகத்தான் எழுதவேண்டும். அந்த மெதுவே எனக்குத் தோதாக இருந்தது. ஆத்திரத்தில் நாலு பக்கம் கொட்டித் தீர்க்க முடியாது. எது உண்மையோ அதை மட்டும் எழுதத்தான் கை இடம் கொடுக்கும்.

எழுதும் நேரமும் தானாக அமைந்தது. லுஹருக்குப் பிறகு முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப்போடுவோமே, கோழி கிளறாமலும் மழை நனைக்காமலும் ஒருவர் காவல் இருக்கவேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். ஒரு கையில் தடி, ஒரு கையில் பேனை. மிளகுக்குக் காவல் இருப்பவளை யாரும் சும்மா இருக்கிறாள் என்று சொல்வதில்லை.

முறையையும் சொல்கிறேன், இது நானே கண்டுபிடித்தது. வலப்பக்கத்தில் மட்டும் எழுதுவேன். அன்றைக்கு நான் வாயால் சொல்லாமல் விழுங்கியது எதுவோ அது. இடப்பக்கத்தை வெறுமையாக விடுவேன். பிறகு ஒரு நாள், மனம் ஆறினாலும் ஆறாவிட்டாலும், அதைத் திரும்ப வாசித்து எனக்கு நானே பதில் எழுதுவேன். சில இடத்தில் ‘இன்னும் கோபம்தான்’ என்று ஒரே வரி இருக்கும். சில இடத்தில் நான் நினைத்தது பிழை என்று இருக்கும். உங்களைப் பற்றியும் இருக்கிறது. வலப்பக்கம்: ‘இன்றும் மழை பெய்ததா என்று கேட்டார், மிளகு விலை கேட்டார், என்னைக் கேட்கவில்லை.’ இடப்பக்கம்: ‘மழையைக் கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. நானும் மழையைப் பற்றி மட்டுமே சொன்னேன்.’ இந்த இடப்பக்கம் இல்லாவிட்டால் நான் உங்களோடு கதைப்பதை எப்போதோ நிறுத்தியிருப்பேன்.

இனிக் கொப்பி மாமியின் கைக்குப் போன கதை. ஒரு நாள் மழை வந்த அவதியில் மிளகுச் சாக்கோடு கொப்பியையும் உள்ளே வைத்துவிட்டேன். மாமி எடுத்துத் திறந்திருக்கிறார். உள்ளே அரபு எழுத்து, அது மாமிக்குப் பார்த்தால் தெரியும், வாசிக்கத் தெரியாது. துஆக் கிதாபு என்று முடிவு செய்து, கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, பச்சைத் துணியில் சுற்றி, அலுமாரிக்கு மேல் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வீடு முழுக்கத் தேடிவிட்டு அண்ணாந்து பார்த்தால் அங்கே இருக்கிறது. அதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டில் ஏது? அன்றிலிருந்து கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு போய் அதை இறக்கினேன். மருமகள் மிளகுக்குக் காவல் இருந்துகொண்டே ஓதுகிறாள் என்று மாமி அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். றிப்னா மதினியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அதை எடுத்துப் போய் நெஞ்சில் வைத்தார்கள். காய்ச்சலும் இறங்கியது. நான் பொய் சொல்லவில்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறைந்த உங்கள் வாப்பாவின் நினைவுக்குக் கத்தம் ஓதிய நாளில் பெண்கள் எல்லோரும் உள்ளறையில் இருந்தோம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் றமீஸா ராத்தாவும் வந்திருந்தார். மாமி பெருமையோடு துணியை அவிழ்த்து, எங்கட ஜெஸ்லா கைப்பட எழுதின துஆ, பரக்கத்துக்கு ஒரு பக்கம் ஓதுங்க என்று நீட்டினார். எழும்பிப் பறிக்க என்னால் முடியவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்தது மதினியின் பிள்ளை. றமீஸா ராத்தாவுக்கு அந்த எழுத்து நன்றாகத் தெரியும். ஓதும் பழக்கத்தில், பொருளை யோசிக்கும் முன்னமே வாய் ராகமாக வாசித்துவிட்டது.

அவர் வாசித்தது இதுதான். மதினி உங்களுக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் எழுதியபடியே தருகிறேன். ‘இன்று மாத்தளைக் கல்யாண வீட்டில் மாமி மூன்று பேரிடம் சொன்னார், என் மகனுக்கு இன்னும் பிள்ளை கிடைக்கவில்லை என்று. கிடைத்தது மாமி. நான் பெற்றேன். உங்கள் சின்ன மகன் கொண்டுபோய் அடக்கினான். இல்லை என்று சொல்லாதீர்கள்.’

ராத்தாவின் குரல் கடைசிச் சொல்லில்தான் நின்றது. மாமி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமியைச் சபையில் அவமானப்படுத்தினேன் என்கிறார்கள். சபையில் நீட்டியது நானா? குர்ஆன் எழுத்தில் வீட்டுக் குறையை எழுதினேன் என்கிறார்கள். எங்கள் உம்மா அதே எழுத்தில் கருவாடு வாங்கச் சொல்லி வாப்பாவுக்குத் துண்டுச் சீட்டு எழுதியிருக்கிறார். எழுத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. றமீஸா ராத்தாவே வாசலில் வைத்து மதினியிடம் சொன்னார், இந்த எழுத்தில் உண்மை எழுதினால் பாவமில்லை, பொய் எழுதினால்தான் யோசிக்க வேண்டும் என்று. மதினி இதை உங்களுக்குச் சொன்னாரா?

இப்போது, ஏன் எரிக்க மாட்டேன் என்பதைச் சொல்கிறேன். அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்தில் நம் மகளின் பெயர் இருக்கிறது. நான் வைத்த பெயர். பள்ளிவாசலில் பதியவில்லை, பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் இல்லை, இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் இல்லை. நான் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஒரு நாள் உங்கள் தம்பி ஷிஃபானின் ஓட்டோவில் மாத்தளைக்குப் போகும்போது, எங்கே அடக்கினீர்கள் தம்பி என்று கேட்டேன். ஓட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவன் அழுதான். மதிலோரம், மாமரத்துக்குப் பக்கத்தில், தலைமாட்டில் ஒரு குரோட்டன் நட்டேன் மதினி என்றான். இத்தனை நாளாக யாராவது கேட்பார்கள் என்று அவனும் காத்திருந்திருக்கிறான். அந்தக் குரோட்டனும் என் கொப்பியில் ஒரு பக்கமும்தான் அவள் இருந்ததற்கு இந்த உலகத்தில் இருக்கும் அடையாளம். நீங்கள் எரிக்கச் சொல்வது அதை. கத்தாரில் இருந்து என்ன, சந்திரனில் இருந்து சொன்னாலும் கேட்க மாட்டேன்.

மிளகு அள்ள நேரமாகிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை, காலை.

மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் இதை ஒட்ட முடியாது.

கத்தம் நடந்த நாளில் இருந்து மாமி என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைப்பார், சாப்பிடு என்று சொல்ல மாட்டார். நேற்று ஜும்ஆ முடிகிற நேரம் நான் படங்குக்குப் பக்கத்தில் இருந்தேன். மாமி வந்து எதிர்ப்பக்கம் குந்தி, மிளகில் இருந்த காம்பைப் பொறுக்கத் தொடங்கினார். நான் பேனையை மூடினேன். மூட வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் காம்பையே பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீ எழுதினதுல ஒரு பிழ ஈக்கி. மூணு பேர்ட்ட நான் செல்லல்ல. ரெண்டு பேர்ட்டத்தான் சென்ன. திருத்து."

அந்தப் பக்கத்தை எடுத்து, அவர் பார்க்க மூன்றை வெட்டி இரண்டு என்று எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்குள் கருமேகம் கூடிவிட்டது. இருவருமாக மிளகை அவசர அவசரமாகச் சாக்கில் அள்ளினோம். படங்கை மடிக்க ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து எதிரெதிரே நின்றபோது, மாமி என் முகத்தைப் பார்க்காமல் படங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்ஸாருக்கு முந்தி எனக்கு ஒன்டு பொறந்திச்சி. ஆம்புளப் புள்ள. மூச்சி இல்ல. எங்கட மாமி பாக்க உடல்ல. மனசுக்குள்ள ஒரு பேர் வெச்சீந்தன். அதயும் எழுது."

மழை தொடங்கிவிட்டது. படங்கைப் பிடித்தபடியே பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். உள்ளே வந்து, கை ஈரத்தைத் துடைத்து, அவர் முன்னாலேயே எழுதினேன். நம் மகளின் பெயர் இருக்கும் அதே பக்கத்தில், அதற்குக் கீழே. இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எனக்கு அவன்ட்ட செல்ல ஏலா. நீ செல்லு" என்றார். உங்களுக்கு மூத்தவராக ஒரு காக்கா இருந்தார் என்று இத்தனை வயதில் ஒரு கடிதத்தில் வாசிக்க வேண்டி வந்தது எனக்கும் பாரமாகத்தான் இருக்கிறது.

உங்கள் உம்மா மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இன்று காலையிலும் தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டதென்று முகத்தைச் சுளித்தார். சபையில் பட்ட வெட்கம் இன்னும் அவருக்குப் போகவில்லை, போகவும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் நேற்றுப் பின்னேரம் நான் எழுதி முடித்ததும் கொப்பியை வாங்கி, பச்சைத் துணியில் சுற்றி, திரும்பவும் அலுமாரிக்கு மேல் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். வைக்கும் முன் முன்போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆகவே, நீங்கள் எரிக்கச் சொன்ன கொப்பிக்கு இப்போது இரண்டு பேர் காவல். யாருக்காக எரிக்கச் சொன்னீர்களோ அவரும் அதில் ஒருவர்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெயர்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிரே இடப்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. எத்தனையோ தடவை எழுதப் போனேன். ஒன்றும் வரவில்லை. மற்ற எல்லாப் பக்கத்துக்கும் பதில் என்னிடம் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. அது உங்களுடைய பக்கம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இதை வாசித்து முடித்ததும் அறையை விட்டு வெளியே வந்து ஒரு கோல் எடுங்கள். இங்கே மழையா என்று கேட்க வேண்டாம், மழைதான். மிளகு விலையும் கேட்க வேண்டாம். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் அதை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். உங்கள் வாயால் கேட்டால் என் வாயால் சொல்வேன். காக்காவின் பெயரை உங்கள் உம்மாவிடம் கேளுங்கள், சொல்ல ஏலாது என்று சொன்னவர், நீங்கள் கேட்டால் சொல்வார். பிறகு நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை அந்தப் பக்கத்தில் அப்படியே எழுதுவேன். அழுதால் அழுதார் என்று எழுதுவேன். கேட்காமல் விட்டாலும், அதையும் எழுதுவேன்.

றினோஸிடம் கொஞ்சம் மிளகும் கொடுத்திருக்கிறேன், மாமி காம்பு பொறுக்கியது. வெயிலில் நிற்கும்போது தொப்பி போடுங்கள். அல்லாஹ் உங்கள் உடம்புக்குச் சுகத்தைத் தரட்டும், நாவில் கட்டியிருக்கும் முடிச்சையும் அவனே அவிழ்க்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் உம்மா,
ஜெஸ்லா.